‘இன்னும் வயசுக்கு வரலையே’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா காலம் கடந்துடுமா?

பொங்கோல் யாழி · திங்கள், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க வாசிக்கிறேன், எழுதுறது இதுதான் முதல் தடவை.

பொண்ணுக்கு 7 வயசு 7 மாசம். சிங்கப்பூர்ல தொடக்கநிலை 2 படிக்கிறா. போன புதன்கிழமை தலைக்கு ஊத்தும்போது இடது மார்புல என் கை பட்டதும் "வலிக்குதும்மா"ன்னு சுருங்கிட்டா. மெதுவாத் தொட்டுப் பார்த்தேன். காம்புக்குக் கீழ புளியங்கொட்டை அளவுல கெட்டியா ஒண்ணு. வலது பக்கம் ஒண்ணுமே இல்ல. அன்னிக்கு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்ல. மனசு எங்கெங்கயோ போச்சு.

மாமியார்கிட்ட சொன்னா, "எங்கயாவது இடிச்சிருப்பா, விளக்கெண்ணெய் தடவு"ன்னாங்க. ஊர்ல இருந்து அம்மா போன்ல, "அதுக்குள்ள என்னடி, இன்னும் வயசுக்கே வரலையே, சும்மா பயப்படாத"ன்னாங்க. வீட்டுக்காரர், "அவகிட்ட எதுவும் கேட்காத, பிள்ளை பயந்துடப் போகுது"ன்றார்.

இப்ப யோசிச்சா வேற சிலதும் ஞாபகம் வருது. டிசம்பர்ல வாங்கின பள்ளிக்கூடச் சப்பாத்து ஜூன்லயே பத்தலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா பெரியவங்க மாதிரி வியர்வை வாடை. நான் 11 வயசு 6 மாசத்துல ஆளானேன், எங்கம்மா 14ல.

டாக்டர்கிட்ட போகணுமா, காத்திருக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஈசூன் பாட்டி · திங்கள், இரவு 11.15

கண்ணு, கலங்காத. எங்க காலத்துல 14, 15ன்னு ஆகும். இப்ப பிள்ளைங்க 9லயே ஆயிடுதுங்க. எல்லாம் இந்த ஊசி போட்ட கோழி பண்ற வேலை. கோழி, முட்டை ரெண்டையும் இன்னிக்கே நிறுத்து. சோயா பானமும் வேணாம். டாக்டர் கிட்ட போனா பிள்ளையை ஊசி, மாத்திரைன்னு வதைப்பாங்க.

பிள்ளைவார்டு · செவ்வாய், காலை 6.20

யாழி, விளக்கெண்ணெய் வேண்டாம். அடிக்கடி அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். காத்திருக்கவும் வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. 14 வருஷமாகப் பிள்ளைகள் பிரிவில் தாதி. நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தொட்டது பெரும்பாலும் மார்பு மொட்டாகத்தான் இருக்கும். காசு மாதிரி, கொட்டை மாதிரி கெட்டியாக, தொட்டால் வலிக்கிற மாதிரிதான் அது தொடங்கும். ஒரு பக்கம் முதலில் வந்து சில மாதம் கழித்து மறுபக்கம் வருவது வழக்கம். புற்றுநோயோ என்று நினைத்து அதை வெட்டிச் சோதிக்க யார் சொன்னாலும் குழந்தைகள் ஹார்மோன் நிபுணரைக் கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த மொட்டை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் மார்பே வளராமல் போகலாம்.

பெண் பிள்ளைக்கு 8 வயது முடிவதற்குள், ஆண் பிள்ளைக்கு 9 வயது முடிவதற்குள் பருவ அறிகுறி தெரிந்தால் அது முன்கூட்டிய பருவம், கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது உலகம் முழுக்க வைத்திருக்கிற கணக்கு. இந்த 8 என்ற எண்ணிக்கை மாதவிலக்குக்கு இல்லை. மார்பு மொட்டுக்கு.

நம் வீடுகளில் பருவம் என்றால் ரத்தம் தெரிகிற நாள்தான். வயசுக்கு வந்துட்டா, ஆளாயிட்டா, பெரிய மனுஷி ஆயிட்டா, ருதுவாயிட்டா, சடங்காயிட்டா என்று அந்த ஒரு நாளுக்கு எத்தனை பேர் பாருங்கள். உடம்பு அதற்கு ரெண்டு, ரெண்டரை வருஷம் முன்னாலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. அந்தத் தொடக்கத்துக்கு வீட்டில் புழங்குகிற பேர் எதுவும் இல்லை. பேர் இல்லாததால் யாரும் தேதி குறிப்பதில்லை. "இன்னும் வயசுக்கு வரலையே" என்று உங்கள் அம்மா சொன்னது அன்பில்தான். ஆனால் அந்த வார்த்தையில்தான் ரெண்டு வருஷம் போய்விடுகிறது. முதல் மாதவிலக்கு வந்த பிறகு பிள்ளையை அழைத்து வருகிற அம்மாக்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும். அந்த நேரத்தில் டாக்டர் செய்யக்கூடியது குறைவு.

தேதி ஏன் முக்கியம் என்றால், எலும்பு. மூளையின் அடியில் இருந்து வருகிற சிக்னல் பிட்யூட்டரி சுரப்பியை எழுப்பும், அது சினைப்பையை எழுப்பும், சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் முதலில் உயரத்தைத் தள்ளும், சப்பாத்து பத்தாமல் போனது அதனால் இருக்கலாம். அதே ஈஸ்ட்ரோஜன்தான் எலும்பு முனையில் இருக்கிற வளர்ச்சித் தட்டுகளைச் சீக்கிரம் மூடியும் விடும். இன்றைக்கு வகுப்பில் கடைசி வரிசையில் நிற்கிற பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் முதல் வரிசைக்கு வந்துவிடுவது இதனால்தான். முதல் மாதவிலக்குக்குப் பிறகு சராசரியாக 5 முதல் 7 சென்டிமீட்டர்தான் வளர்ச்சி மிச்சம்.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டி, குழந்தைகள் ஹார்மோன் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். அந்தக் கடிதத்தோடு போனால் சலுகைக் கட்டணம். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. போகும்போது பிறந்ததிலிருந்து வைத்திருக்கிற சுகாதாரப் புத்தகத்தை எடுத்துப் போங்கள். பள்ளிப் பரிசோதனையில் எழுதின உயரமும் எடையும் அவர்களுக்குத் தங்கம் மாதிரி. பருவத்துக்கு முன் ஒரு பிள்ளை வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளரும். 8, 9 வளர்ந்திருந்தால் அதுவே பாதி பதில்.

ஜூரோங் அப்பா · செவ்வாய், காலை 8.05

என் மகளுக்கு இப்போதான் மொட்டு தெரியுது, வயசு 9 வயசு 2 மாசம். நானும் ஓடணுமா?

பிள்ளைவார்டு · செவ்வாய், மாலை 4.30

அண்ணே, 8 முடிந்து வந்தால் அது வழக்கமான எல்லைக்குள்தான். உயரத்தை மூணு மாசத்துக்கு ஒரு தடவை சுவரில் குறித்து வையுங்கள். ஆறு மாசத்துக்குள் எல்லாம் சடசடவென்று நடந்தாலோ, தலைவலி, பார்வை மங்கல், வாந்தி இருந்தாலோ, மொட்டு தெரியாமலேயே ரத்தம் பட்டாலோ உடனே காட்டுங்கள்.

தேக்கா கறிக்கடை · செவ்வாய், இரவு 9.50

பாட்டி சொன்ன கோழி விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்லணும். 19 வருஷமா கோழி வெட்டுறேன். வாரத்துக்கு நாலு அம்மாவாவது "இது ஊசி போட்ட கோழியா"ன்னு கேக்குறாங்க.

ஒரு கொட்டகையில பல ஆயிரம் கோழி. அதை ஒண்ணொண்ணா பிடிச்சு ஊசி போட்டா பண்ணைக்காரனுக்குக் கட்டுப்படியே ஆகாது. அஞ்சாறு வாரத்துல வளர்றதுக்குக் காரணம் இனமும் தீவனமும். எழுபது எண்பது வருஷமா வேகமா வளர்ற கோழியையே பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து உண்டாக்கின இனம் இது. நாட்டுக்கோழியோட வச்சுப் பார்த்தா சந்தேகம் வரத்தான் செய்யும், உங்க மேல தப்பில்ல.

2022 ஜூன்ல மலேசியா ஏற்றுமதியை நிறுத்தினப்ப எங்க பக்கம் பல கடை மூடிக் கிடந்துச்சு. அப்ப ஜனங்க பிரேசில் உறைகோழி வாங்கினாங்க. அதையும் ஊசின்னுதான் சொன்னாங்க. எந்த நாட்டுக் கோழியா இருந்தாலும் இந்தப் பழி மட்டும் போறதில்ல.

எனக்குக் கவலை வேற இடத்துல. முன்னாடி ஒரு குடும்பம் ஞாயித்துக்கிழமை ஒரு கோழி வாங்கும். இப்ப தோலோட தொடைக்கறி, வாரத்துல நாலு நாள், "பொரிக்கத்தான் அண்ணே"ன்னு சொல்லி வாங்குறாங்க.

செம்பருத்தி · புதன், அதிகாலை 1.10

இந்த இழையை மூணு தடவை படிச்சுட்டேன். இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல.

நான் தொடக்கநிலை 3ல ஆளானேன். 9 வயசு முடியறதுக்கு ரெண்டு மாசம் இருந்துச்சு. 1990களோட நடுப்பகுதி. இடைவேளையில கழிவறைக்குப் போனேன், பாவாடையில ரத்தம். எனக்கு அடிபட்டிருச்சுன்னு நினைச்சேன். வெளிய வராம உட்கார்ந்திருந்தேன். மணி அடிச்சது, பேச்சுக் குரல் எல்லாம் அடங்கிச்சு. ரொம்ப நேரம் கழிச்சுத் துப்புரவு அக்கா ஒருத்தங்க கதவைத் தட்டி, எதுவும் கேட்காம, அவங்க கழுத்துல கிடந்த துண்டைக் கதவுக்கு மேல நீட்டினாங்க. அவங்க முகம் இன்னும் ஞாபகம் இருக்கு. பள்ளியில இதைப் பத்தி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது தொடக்கநிலை 5லதான். எனக்கு ரெண்டு வருஷம் தாமதம்.

வீட்டுல சடங்கு வச்சாங்க. மண்டபம் எடுத்து, பட்டுப்புடவை கட்டி, தாய்மாமன் சீர் வச்சு, முந்நூறு பேர். அப்பாவுக்குப் பெருமை. எனக்கு அந்த மேடையில உட்கார்ந்துகிட்டு பொம்மையை எங்க வச்சோம்னுதான் நினைப்பு ஓடுச்சு. அன்னிக்கு வந்த மாமா ஒருத்தர் என்னைப் பார்த்த பார்வை மாறிப்போச்சு. அதுக்கு மேல அதைப் பத்தி எழுத மாட்டேன். அடுத்த வாரத்துலருந்து கீழ்த்தளத்துல விளையாடப் போகக் கூடாது, சைக்கிள் கூடாது, அண்ணன் கூட்டாளிங்க வந்தா அறைக்குள்ள போயிடணும். மனசு 9லயே நின்னுச்சு, வீடு என்னை 15ன்னு நடத்துச்சு.

உயரம் 147ல நின்னுடுச்சு. அம்மா 156, அப்பா 170. அது பரவாயில்ல, உயரத்துக்காக நான் அழுததில்ல. ஆனா பிள்ளைவார்டு அக்கா சொன்ன அந்த ரெண்டு வருஷத்தை நினைச்சாத்தான் வலிக்குது. 7 வயசுல எனக்கும் வலிச்சது. அம்மாகிட்ட சொன்னேன். இடிச்சுக்கிட்டேன்னு நினைச்சு எண்ணெய் தடவினாங்க.

யாழி, உங்க வீட்டுக்காரர் தப்பா சொல்றார். பிள்ளைகிட்ட பேசுங்க. பயம் வர்றது யாரும் சொல்லாதப்பதான்.

பொங்கோல் யாழி · புதன், காலை 7.30

செம்பருத்தி, கை நடுங்குது. இன்னிக்கு மருந்தகத்துக்கு அப்பாயின்ட்மென்ட் எடுத்துட்டேன்.

ஒண்ணு கேக்கணும். இது என்னாலதானா? நான் வேலைக்குப் போறேன். பள்ளி முடிஞ்சு மாணவர் பராமரிப்பு நிலையம், நான் கூட்டிட்டு வர 7 மணி ஆயிடும். தினமும் மைலோ. சனிக்கிழமை பபிள் டீ. தூங்க 10.30. ரெண்டு வருஷத்துல எடை 9 கிலோ ஏறியிருக்கு. எல்லாரும் "கொழுகொழுன்னு இருக்கா"ன்னு கன்னத்தைக் கிள்ளுவாங்க, நானும் பெருமைப்பட்டேன்.

பிள்ளைவார்டு · புதன், மாலை 6.00

யாழி, உங்களால் இல்லை. எது எவ்வளவு உறுதி என்று பிரித்துச் சொல்கிறேன்.

மரபு முதலில். பருவம் எப்போது என்பதில் பாதிக்கும் மேல் பெற்றோர் வழி வருவது. ஒரே குடும்பத்தில் பலருக்கு முன்கூட்டியே வருவதற்குக் காரணமான எம்கேஆர்என்3 என்ற மரபணுவில் வரும் மாற்றத்தை 2013ல் கண்டுபிடித்தார்கள். அது அப்பா வழியில்தான் வரும். அதனால் அப்பாவின் அம்மா, அத்தைகள் எப்போது ஆளானார்கள் என்றும் கேட்டு வையுங்கள். இங்கே யாரும் அந்தப் பக்கம் கேட்பதே இல்லை.

அடுத்தது எடை. கொழுப்புத் திசு சும்மா கிடப்பதில்லை. லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், 1994ல் கண்டுபிடித்தது. ‘உடம்பில் இருப்பு போதும்’ என்று மூளைக்குத் தகவல் சொல்வது அதுதான். எடை கூடின பெண் பிள்ளைகளுக்குப் பருவம் சீக்கிரம் தொடங்குவது நாடு நாடாகப் பார்த்து உறுதியான விஷயம். நம் இந்தியப் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று கூடுதல்: புனே பக்கம் செய்த ஆய்வுகளில், எடை குறைவாகப் பிறக்கிற குழந்தைக்கும் உடம்புக்குள் கொழுப்பு விகிதம் அதிகம் என்று பார்த்தார்கள். பார்க்க ஒல்லி, உள்ளே அப்படி இல்லை. குறைந்த எடையில் பிறந்து, முதல் ரெண்டு வருஷத்தில் வேகமாக எடை ஏறின பிள்ளைகளுக்கும் பருவம் முந்துகிறது. ‘கொழுகொழு’ என்ற பாராட்டை நாம் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம்.

பிளாஸ்டிக், வாசனைப் பொருள்களில் இருக்கிற ரசாயனங்கள் மேல் சந்தேகம் இருக்கிறது. கலிபோர்னியாவில் 2018ல் வந்த ஓர் ஆய்வு, அம்மா கர்ப்பமாக இருந்தபோது உடம்பில் இருந்த சில தாலேட், டிரைக்ளோசான் என்ற ரசாயனங்களின் அளவுக்கும் மகளின் பருவத்துக்கும் தொடர்பு பார்த்தது. தொடர்புதான், இதுதான் காரணம் என்று சொல்கிற அளவுக்கு இல்லை. சூடான சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டாமல் தூக்கில் வாங்குவதால் நஷ்டமில்லை, அவ்வளவுதான். ஈஸ்ட்ரோஜன் கிரீம் பூசுகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும் அதைப் பிள்ளை மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது நிஜமாகவே செய்யும்.

சோயா, முட்டை: வழக்கமாகச் சாப்பிடுகிற அளவில் இவை பருவத்தைக் கூட்டி வருவதாகத் தெரியவில்லை. கோழிக்குக் கடைக்கார அண்ணன் சொல்லிவிட்டார். வளர்கிற பிள்ளைக்கு முட்டையை நிறுத்தாதீர்கள், பாட்டி.

2020ல் கொரோனா ஊரடங்குக்குப் பிறகு இத்தாலியில் முன்கூட்டிய பருவத்துக்காகக் குழந்தைகள் ஹார்மோன் பிரிவுகளுக்கு வருகிற பெண் பிள்ளைகள் திடீரென்று கூடினார்கள். இந்தியாவிலும் துருக்கியிலும் அதையே பார்த்தார்கள். வீட்டுக்குள் அடைபட்டது, ஓட்டம் நின்றது, எடை, தூக்கம் கெட்டது, மன அழுத்தம், எல்லாம் ஒரே நேரத்தில் மாறியதால் எது என்று பிரிக்க முடியவில்லை. ஆனால் மரபு ஒரே வருஷத்தில் மாறாது, இல்லையா.

மைலோவைக் குறையுங்கள். பானங்களில் ஏ, பி, சி, டி என்று எழுத்துப் போடுவது 2022 கடைசியில் வந்தது, அடுத்த வருஷம் பபிள் டீ கடைக்கும் வந்தது. பிள்ளையையே அந்த எழுத்தைப் படித்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். 9 மணிக்குத் தூக்கம். இதையெல்லாம் பருவத்தை நிறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தொடங்கினதை மைலோ நிறுத்தினால் நிறுத்த முடியாது. சீக்கிரம் ஆளாகிறவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவும், மார்பகப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். 2012ல் 117 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மாதவிலக்கு ஒரு வருஷம் முந்தினால் அந்தப் புற்றுநோய் வாய்ப்பு 5 சதவீதம் கூடுகிறது. சின்ன அளவுதான், பயப்படாதீர்கள். ஆனால் இந்த ஊரில் நீரிழிவு நம்மவர்களுக்கு ஏற்கெனவே அதிகம். எடையை இப்போது பிடிப்பது 40 வயதுக்கு உதவும்.

தமிழாசிரியை · புதன், இரவு 8.45

பேர் இல்லை என்று தாதி அம்மா சொன்னது இன்றைய பேச்சுத் தமிழுக்கு முழுக்க உண்மை. ஆனால் பழந்தமிழில் இருந்தது. பெண்ணின் ஏழு பருவத்தில் 5 முதல் 7 பேதை, 8 முதல் 11 பெதும்பை, 12, 13 மங்கை. பெதும்பை என்றால் மார்பு அரும்புகிற வயது, உலா நூல்களில் அப்படித்தான் பாடியிருக்கிறார்கள். மங்கைக்கு முன்னால் நாலு வருஷத்தைத் தனியாகப் பிரித்துப் பேர் வைத்தவர்கள் நம் ஆட்கள். மருத்துவர்கள் வைத்திருக்கிற கோடும் அந்த எட்டிலேயே இருப்பதைப் பார்த்துச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் வகுப்பில் மங்கை என்ற சொல்லை எல்லாருக்கும் தெரிகிறது, பெதும்பையை ஒரு பிள்ளைக்கும் தெரியாது.

தெம்பனிஸ் குமார் · புதன், இரவு 9.20

டாக்டர்கிட்ட போனா பருவத்தைத் தள்ளிப்போட ஊசி போடுவாங்கன்னு கேள்விப்பட்டேன். இயற்கையா வர்றதை ஊசி போட்டுத் தடுக்கிறது சரியா? பின்னாடி குழந்தை பிறக்காம போயிட்டா? எனக்கு இது ஒப்பலை.

நிலா அம்மா · புதன், இரவு 11.05

குமார் அண்ணா, இதே பயத்துலதான் நானும் நாலு மாசம் ஓட்டினேன். என் மகளுக்கு 6 வயசு 10 மாசத்துல தொடங்குச்சு. இடது கை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசு பார்த்தாங்க, 9ஐத் தாண்டி இருந்துச்சு. மருந்து ஏத்தி, நேரம் விட்டு விட்டு ரத்தம் எடுத்து சினைப்பையை எழுப்புற எல்எச் ஹார்மோன் அளவு பார்த்தாங்க. வயசு ரொம்பச் சின்னதுங்கிறதால தலைக்கு எம்ஆர்ஐ. மூளையில ஒண்ணும் இல்ல. பெண் பிள்ளைங்கள்ல பெரும்பாலும் காரணம் எதுவும் கிடைக்காதுன்னு டாக்டர் சொன்னார்.

மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. முதல் ஊசிக்குப் பிறகு ரெண்டு நாள் லேசா ரத்தம் பட்டுச்சு, அது வரலாம்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்ததால பயப்படலை. ஊசி போட்ட இடம் வீங்கும், சில நாள் தலைவலி. 10 வயசு 6 மாசத்துல நிறுத்தினோம். ஒரு வருஷம் கழிச்சு அதுபாட்டுக்கு மாதவிலக்கு வந்துடுச்சு. இந்த மருந்து 1980கள்ல இருந்து புழக்கத்துல இருக்கு, அப்ப எடுத்துக்கிட்டவங்களுக்கு இப்ப பிள்ளைங்க இருக்கு. மருந்து அந்தச் சிக்னலைத் தூங்க வைக்கிறது, அழிக்கிறதில்ல.

எல்லாருக்கும் ஊசி கிடையாது. எங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 8 வயசு 6 மாசம், மெதுவாப் போகுது, ஊசியால உயரம் பெருசா கூடாது, வேணாம்னு அதே டாக்டர் திருப்பி அனுப்பிட்டார். 6 வயசுக்குள்ள தொடங்கினவங்களுக்குத்தான் பலன் அதிகமாம். என் மகளுக்கு உயரம் எவ்வளவு மிச்சம் ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. நாலு வருஷம் அவ பிள்ளையாவே இருந்தா. எனக்கு அது போதும்.

ஈசூன் பாட்டி · வியாழன், காலை 5.40

ராத்திரி பேத்தியை விட்டு எல்லாத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். செம்பருத்தி எழுதினது கேட்டு எனக்கு அழுகை வந்துடுச்சு.

ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. நான் ஆளாறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஒருநாள் எங்கம்மா என்னைக் கிணத்தடியில பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம உள்ள போய், பழைய வேட்டியைக் கிழிச்சு உள்பாடி தைச்சுக் கொடுத்தாங்க. "சட்டைக்குள்ள போட்டுக்க"ன்னாங்க, அவ்வளவுதான். அப்ப அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பார்த்திருக்காங்க. நாளைத்தான் எண்ணலை.

சடங்கு பத்தி. அந்தக் காலத்துல உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டைன்னு பிள்ளைக்கு நல்லது கிடைச்சது அந்த ஒரு தடவைதான், அதான் அதைப் பெருசா செஞ்சோம். 9 வயசுப் பிள்ளையை மேடையில உட்கார வைக்கணும்னு யாரும் நினைச்சுச் செய்யல. என் பேத்திக்கு மண்டபம் வேணாம்னு மகன்கிட்ட சொல்லிட்டேன். வீட்டுல நாங்க நாலு பொம்பளைங்க போதும், அவ விரும்பினா.

கண்ணு யாழி, நான் முதல்ல சொன்னதை எடுத்துக்காத. டாக்டர்கிட்ட போ.

பொங்கோல் யாழி · ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு

என்ன ஆச்சுன்னு எழுதுறேன்.

மருந்தகத்துல கடிதம் கொடுத்தாங்க. நேத்து முன்தினம் ஹார்மோன் டாக்டரைப் பார்த்தோம். சுகாதாரப் புத்தகத்தை விரிச்சு வச்சு வரைபடத்துல புள்ளி வச்சுப் பார்த்தார். ஒரு வருஷத்துல 8.5 சென்டிமீட்டர். வலது பக்கமும் இப்ப மொட்டு வந்துடுச்சு. எலும்பு வயசு 8 வயசு 10 மாசம். ஒரு வருஷத்துக்கு மேல முந்தியிருக்கு. காலையில எடுத்த ரத்தத்துல எல்எச் கொஞ்சம் கூடுதல். அடுத்த மாசம் நிலா அம்மா சொன்ன அந்த மருந்து ஏத்திப் பார்க்கிற டெஸ்ட். ஊசி வேணுமா வேணாமாங்கிறது அதுக்குப் பிறகுதான். "நல்ல நேரத்துல வந்தீங்க"ன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அங்கயே அழுதுட்டேன்.

அப்பா வழியிலயும் கேட்டேன். வீட்டுக்காரரோட பெரிய அத்தை 9 வயசுல ஆளானாங்களாம். 40 வருஷமா அந்த வீட்டுல யாரும் பேசாத விஷயம்.

மகள்கிட்ட பேசினேன். சொன்னது ரொம்பக் கொஞ்சம். "உன் உடம்பு கொஞ்சம் அவசரப்படுது, டாக்டர் அதைப் பார்த்துக்கறார், ரத்தம் வந்தா அது அடி இல்ல, அம்மாகிட்ட இல்ல டீச்சர்கிட்ட சொல்லலாம்". பையில மாத்து உடை, ஒரு சின்ன பாக்கெட் வச்சிருக்கேன். வகுப்பாசிரியைகிட்டயும் சொல்லிட்டேன், அவங்க தனியா ஒரு சாவி காட்டி, பணியாளர் கழிவறையை அவ எப்ப வேணாலும் பயன்படுத்தலாம்னாங்க. செம்பருத்தி, இது உங்களாலதான்.

எம்ஆர்டி ரயில்ல திரும்பி வரும்போது கையை விரிச்சு விரிச்சுப் பார்த்துக்கிட்டே வந்தா. "அம்மா, என் கைக்கு மட்டும் சீக்கிரமா பர்த்டே வந்துடுச்சா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். அப்ப கேக் எப்பன்னு கேட்டா.

பிள்ளைவார்டு · ஞாயிறு, இரவு 10.15

டெஸ்ட் அன்றைக்குக் கையில் மரத்துப்போகிற கிரீமை முன்கூட்டியே பூசச் சொல்லிக் கேளுங்கள், ஊசி குத்துவது தெரியாது. ரெண்டு மூணு மணி நேரம் ஆகலாம். அவளுக்குப் பிடித்த கதைப் புத்தகம் எடுத்துப் போங்கள்.